கடைசி அத்தியாயத்துக்கு ஏற்ற இடம்

புத்தகம் படிப்பவர்கள் என்று ஒரு வகை மனிதர்கள் உண்டு. படிக்காதவர்கள் என்று இன்னொரு வகை உண்டு. இந்த இரண்டு வகையாராலும் உலகத்துக்குப் பெரிய தொந்தரவு இல்லை. இவர்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது: புத்தகம் எழுதியவர் குடியிருந்த வீட்டைப் போய்ப் பார்க்கிறவர்கள். இன்றைக்கு நாம் பார்க்கப்போவது அவர்களில் ஒருவரை. கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். அவர் கயிற்றுத் தடுப்புக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார், முழங்கை உங்கள் மேல் பட்டுவிடப்போகிறது.

இந்த வகையாரை அடையாளம் கண்டுகொள்ளப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். எழுத்தாளர் உட்கார்ந்த நாற்காலியைக் கண்டால் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். படுத்த கட்டிலைக் கண்டால் செருப்பைக் கழற்றலாமா என்று யோசிப்பார். முகம் கழுவிய பீங்கான் தொட்டியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வார். மூக்குக்கண்ணாடியைக் கண்டாலோ, பெட்டிக்குள் இருக்கும் அதன் வழியாகத் தாமும் ஒரு தடவை உலகத்தைப் பார்த்துவிடலாமா என்று தலையைச் சாய்த்து, குனிந்து, இடுப்பை வளைத்து, கடைசியில் காவலாளி வந்து, "சார், அதுமேல சாயாதீங்க" என்று சொல்லும்வரை அங்கேயே நிற்பார். பிறகு ஒரு பெருமூச்சு. பெருமூச்சுக்குப் பிறகு ஒரு வாக்கியம். "இங்க காத்துலயே எழுத்து இருக்கு." எந்த வீடானாலும் இதே வாக்கியம்தான். ஒரு தடவை வழி தவறி, பக்கத்து வீட்டு முன்னறையில் நின்றுகொண்டும் இதையே சொன்னார். அந்த வீட்டுக்காரம்மா, "வெங்காயம் வதக்கறேன், அதான்" என்றார்.

தகவல்களில் இவரை யாரும் அசைக்க முடியாது. எழுத்தாளர் எந்த மசியில் எழுதினார், எந்தப் பல்லில் வலி வந்தது, மைத்துனியோடு எதற்காகப் பேச்சுவார்த்தை நின்றது, நாவலை எந்தப் பதிப்பாளர் எப்படித் திட்டித் திருப்பி அனுப்பினார், எல்லாம் விரல்நுனியில் வைத்திருப்பார். சரி, அந்த நாவலில் என்னதான் நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். உடனே குரல் தாழ்ந்துவிடும். "அதெல்லாம் சொல்லக்கூடாதுங்க. அனுபவிக்கணும்."

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? வேண்டாம், அந்தக் கேள்வி வேண்டாம். உங்கள் அலமாரியைப் பற்றி நான் ஏதாவது கேட்டேனா?

நம்முடைய ஆள் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வாசகர் வட்டத்தில் இவருக்கு 'முன்னுரையார்' என்று பெயர். எந்தக் கூட்டமானாலும் முதலில் பேச எழுந்துவிடுவதால் வந்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். வட்டத்தில் மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருப்பது வேறு. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை, ஏனென்றால் முன்னுரைக்கு அப்பால் போனவர்கள் அந்த வட்டத்தில் அதிகம் பேர் இல்லை.

முன்னுரையாரின் இல்லற வாழ்க்கையே ஒரு நாவலின்மேல் கட்டப்பட்டது என்று சொன்னால் மிகையில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அதே அலுவலகத்தில் டைப்பிஸ்டாக ஒரு பெண் இருந்தார். அந்தப் பெண்ணோடு எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்று தெரியாமல் பல மாதங்கள் டீ கிளாஸும் கையுமாக கேன்டீனைச் சுற்றிச் சுற்றி வந்தார் நம்மவர். ஒரு நாள் மதிய இடைவேளையில் அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து, நூலகத்திலிருந்து எடுத்துவந்த தடித்த நாவல் ஒன்றைக் கிட்டத்தட்ட முடிக்கும் நிலையில் இருந்தார். அட்டையைப் பார்த்தார் முன்னுரையார். அந்த நாவலைப் பற்றி வாரப் பத்திரிகையில் வந்த மதிப்புரையை அவர் படித்திருந்தார். முழுசாக அல்ல, பாதி. அந்தப் பாதி போதாதா?

"கடைசி அத்தியாயத்துக்கு வந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா. ஏன்?"

"அத மட்டும் தனியா படிச்சிடாதீங்க."

"ஏங்க, என்ன ஆகும்?"

"தாங்க மாட்டீங்க. பக்கத்துல ஒருத்தர் இருக்கணும்."

அந்தப் பெண் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்த இடத்தில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி, புத்தகத்தை மூடிவிட்டார். கடைசி அத்தியாயத்தைப் படிக்காமலே நூலகத்தில் திருப்பிக் கொடுத்தார். அந்த வருஷம் முடிவதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. தாம் பந்தாவுக்குச் சொன்ன ஒரு வாக்கியம் கல்யாணப் பேச்சாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்பது முன்னுரையாருக்கே பிற்பாடுதான் விளங்கியது.

அவரையும் குறை சொல்ல முடியாது. கேன்டீனில் பேசிய அன்று மாலையே பழைய புத்தகக் கடைக்கு ஓடி, அந்த நாவலின் முதல் பதிப்பு ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினார். எப்படியாவது படித்து முடித்துவிட வேண்டும் என்ற வெறியோடு உட்கார்ந்தார். முன்னுரை முடிந்தது. அதற்கு அப்பால் பக்கங்கள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஈரத்தில் ஒட்டிப்போன பழைய புத்தகம் என்று முடிவு கட்டினார். பிரித்தால் கிழிந்துவிடும் என்று பயந்தார். பயந்ததில் ஒரு நிம்மதியும் இருந்தது. பிறகு பெண்ணும் சம்மதித்துவிட்டார். இனிமேல் எதற்குப் படிப்பது? புத்தகம் வெள்ளைத் துணியில் சுற்றப்பட்டு அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறியது.

வந்தது வினை. "என்னங்க, அந்தக் கடைசி அத்தியாயம் எப்ப படிக்கலாம்?" என்று மனைவி கேட்க ஆரம்பித்தார். முதலில், வீட்டில் விருந்தாளிகள், சத்தமாக இருக்கிறது என்றார். பிறகு, குழந்தை சின்னவள், தூங்கட்டும் என்றார். குழந்தை வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் கட்டி வேறு ஊருக்குக் குடிபோன பிறகு, சத்தம் என்று சொல்லவும் வழியில்லை. வேறு பதிப்பு வாங்கலாமே என்றால், புதுப் பதிப்பெல்லாம் அச்சுப்பிழை, தொடவே கூடாது என்றார். கடைசியில் ஒரு பிரமாதமான யோசனை தோன்றியது. "அதுக்குன்னு ஒரு இடம் இருக்கு. எந்த மாளிகைல உக்காந்து அவரு எழுதினாரோ, அங்கேயே போய் நாம படிப்போம்" என்று அறிவித்தார்.

ஏன் அப்படிச் சொன்னார் தெரியுமா? நாவலாசிரியர் ஒரு மழைக்காலம் முழுக்க விருந்தாளியாகத் தங்கி எழுதிய அந்தப் பண்ணை மாளிகை அப்போது பூட்டிக் கிடந்தது. பங்காளிகளுக்குள் வழக்கு. நீதிமன்றத்தின் நிதானத்தில் முன்னுரையாருக்கு அபார நம்பிக்கை. தம் ஆயுளுக்குள் தீர்ப்பு வராது என்று தெம்பாக இருந்தார். பாழாய்ப்போன பங்காளிகள் சமாதானமாகிவிட்டார்கள்! மாளிகையைச் செப்பனிட்டு, டிக்கெட் போட்டுப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். செய்தித்தாளை மடித்து அவர் முன்னால் வைத்த மனைவியின் முகத்தில் கேன்டீன் நாள் திரும்பியிருந்தது.

ஆனால் இந்த வகையாரைச் சாதாரணமாக எடைபோடாதீர்கள். அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. அந்த முதல் பதிப்பை மாளிகையின் காட்சியறைக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிடுவது! புத்தகம் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்ப் பூட்டப்பட்டுவிட்டால் அதை யார் எடுத்துப் படிக்க முடியும்? அதோடு, பெட்டிக்குள் ஓர் அட்டையில் அன்பளித்தவர் பெயரும் இருக்கும். நாவலாசிரியரின் அறையில், அவருடைய மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில், நம் பெயர். இதைவிட ஒரு வாசகனுக்கு, அதாவது இவரைப் போன்ற ஒரு வாசகனுக்கு, வேறென்ன வேண்டும்?

வாசகர் வட்டமே வேன் பிடித்துக் கிளம்பியது. மனைவி வழிநெடுக ஜன்னலோரம் உட்கார்ந்து, துணி சுற்றிய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். யார் கேட்டும் கொடுக்கவில்லை.

மாளிகையைச் சுற்றிக் காட்ட ஒரு வழிகாட்டிப் பெண் வந்தார். அவரை இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச விட்டாரா முன்னுரையார்? "மாடிப்படி இடது பக்கம்ல இருக்கணும்?" என்று வாசலிலேயே ஆரம்பித்தார்.

"இல்ல சார், கட்டினதுலேர்ந்து வலது பக்கம்தான்."

"நாவலோட அட்டைப்படத்துல இடது பக்கம் போட்டிருக்கே!"

"அது ஓவியர் போட்டது சார். அவரு இங்க வந்ததில்ல."

முன்னுரையார் மற்றவர்கள் பக்கம் திரும்பி, வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "பாத்தீங்களா? வீட்டைச் சரியாப் பராமரிக்கல" என்றார்.

மேலே அறை அறையாகப் போனார்கள். நாவலாசிரியர் எழுதிய மேசைக்கு முன்னால் வட்டத்துப் பல் டாக்டர் போட்டோ எடுத்துக்கொண்டார். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் கட்டிலின் நீளத்தைச் சாண் போட்டு அளந்து, "இவ்ளோ பெரிய நாவல் எழுதினவரு இவ்ளோ குள்ளமா?" என்று ஆச்சரியப்பட்டார். முன்னுரையார் ஜன்னலருகே நின்று பெருமூச்சு விட்டு, காற்றைப் பற்றிய வாக்கியத்தைச் சொல்லி முடித்தார். இதற்கிடையில் அவர் மனைவி ஒவ்வோர் அறையிலும் நாற்காலி, சோபா, முக்காலி என்று எதையோ தேடிக்கொண்டே வந்தார். எல்லாவற்றின் மேலும் உட்காரக்கூடாது என்று அட்டை தொங்கியது. கடைசியில் வழிகாட்டிப் பெண்ணிடமே கேட்டார். "ஏம்மா, இங்க உக்காந்து படிக்க எங்கயாவது இடம் இருக்கா?"

அந்தப் பெண் திகைத்துப்போனார். "படிக்கறதுக்கா? இங்க யாரும் படிக்கறதில்லயேம்மா. போட்டோ எடுக்கறதுக்குன்னா தனியா ஒரு இடம் இருக்கு" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "வெளில மரத்தடில ஒரு பெஞ்சு இருக்கும்மா" என்றார்.

இனித் தாமதிக்கக்கூடாது என்று முன்னுரையாருக்குப் புரிந்துவிட்டது. மனைவியிடமிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு, காட்சியறைக் காப்பாளரின் அறைக்குள் நுழைந்தார். வட்டமும் பின்னாலேயே நுழைந்தது. ஒரு சிறு உரை நிகழ்த்தி, புத்தகத்தை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். வெள்ளைத் துணி மட்டும் மனைவி கையில் மிஞ்சியது.

காப்பாளர் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடியை எடுத்து அட்டையைப் பார்த்தார், தையலைப் பார்த்தார், பக்கங்களைப் புரட்டப் போனார். புரளவில்லை. புத்தகத்தை நிமிர்த்தி மேல்விளிம்பைப் பார்த்தார்.

"சார்! இது வெட்டாத பிரதி சார்!"

"ஈரத்துல ஒட்டியிருக்கு…" என்றார் முன்னுரையார்.

"ஒட்டியெல்லாம் இல்ல சார். அந்தக் காலத்துல பெரிய தாள்ல அச்சடிச்சு, மடிச்சு, தச்சு, அப்படியே வித்துடுவாங்க. வாங்கினவங்க மடிப்பக் கத்தியால வெட்டிக்கிட்டே படிக்கணும். முன்னுரை மட்டும்தான் வெட்டியிருக்கு. அதுக்கப்புறம் ஒரு மடிப்புகூடப் பிரிக்கல! பிறந்த குழந்தை மாதிரி இருக்கு சார்!" காப்பாளருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. முன்னுரையாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எத்தன வருஷமா உங்ககிட்ட இருக்கு?"

"கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து…"

"இத்தன வருஷம் கைல வெச்சுக்கிட்டு, ஒரு பக்கத்தக்கூடப் படிக்காம! எப்படி சார் உங்களால முடிஞ்சுது?"

வட்டம் மொத்தமும் முன்னுரையார் பக்கம் திரும்பியது. காப்பாளர் தம் மகிழ்ச்சியிலேயே திளைத்துக்கொண்டு, அங்கேயே ஓர் அட்டையை எடுத்து அழகான கையெழுத்தில் எழுதி உரக்க வாசித்துக் காட்டினார். "முதல் பதிப்பு. இதுவரை யாராலும் படிக்கப்படாத அபூர்வப் பிரதி. அப்படியே பாதுகாத்து அன்பளித்தவர்… உங்க பேரு எப்படி எழுதணும் சார்?"

முன்னுரையார் பேந்தப் பேந்த விழித்தார். போஸ்ட்மாஸ்டர் மெல்லத் தொண்டையைக் கனைத்தார். "ஏங்க, போன வருஷம் கடைசி அத்தியாயத்தப் பத்தி முக்கால் மணி நேரம் பேசினீங்களே. நான்கூட அழுதேனே?"

"அது… அது ஒரு பார்வை" என்றார் முன்னுரையார்.

"அது கெடக்கட்டும். கடைசில என்னதான் ஆகுது? யாராவது சொல்லுங்களேன்" என்றார் பல் டாக்டர்.

யாராவது என்றால் யார்? வட்டம் முழுவதும் தலையைத் தூக்கி மேற்கூரையைப் பார்த்தது. கூரையில் நல்ல மரவேலைப்பாடு இருந்தது. மாளிகை கட்டிய நாள்முதல் அதை அவ்வளவு கவனமாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். போஸ்ட்மாஸ்டர் காப்பாளரைப் பார்த்தார். "என்னப் பாக்காதீங்க சார். தாளு, தையலு, அட்டை, இதான் என் வேலை. உள்ள என்ன எழுதியிருக்குங்கறது என் டிபார்ட்மெண்ட் இல்ல" என்றார் காப்பாளர்.

முன்னுரையார் மனைவியைத் தேடினார். அறையில் காணோம். பகீரென்றது. ஜன்னலுக்கு ஓடிப்போய்க் கீழே பார்த்தார். மரத்தடி பெஞ்சில், ஒரு ஓரமாக, மற்றப் பாதியைக் காலியாக விட்டுவிட்டு அவர் உட்கார்ந்திருந்தார். படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெள்ளைத் துணியை மடியில் விரித்து வைத்திருந்தார்.

இவ்வளவு வருஷமும் அந்தக் காலி இடம் அப்படியேதான் இருந்திருக்கிறது. அது அந்த மனிதருக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் கூச்சத்தில் காது மடல் சுட்டது. அட்டையைப் பார்த்தார், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் காப்பாளரைப் பார்த்தார்.

"புத்தகத்தக் குடுங்க" என்றார்.

"சார், பேரு மட்டும் சொன்னீங்கன்னா…"

"இல்லங்க. இது எனக்கு வேணும். படிக்கணும்."

"படிக்கணுமா?" காப்பாளரின் முகம் வெளுத்துவிட்டது. "சார், சார்! வெட்டிடாதீங்க சார்! வெட்டிட்டா அப்புறம் இது வெறும் புத்தகம் சார்!"

முன்னுரையார் அதற்குள் வலது பக்கத்து மாடிப்படியில் பாதி இறங்கிவிட்டார்.

பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. பெருமூச்சுதான் வரவேண்டிய இடம், வரவில்லை. வாக்கியமும் ஒன்றும் கைவசம் இல்லை.

"நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"நான் இதப் படிச்சதே இல்ல."

"தெரியும்."

"மேல அந்த ஆளு கத்தினதக் கேட்டுட்டியா?"

"நம்ம வீட்ல அலமாரியத் தொடைக்கறது யாரு?" என்றார் மனைவி. "கல்யாணமாகி வந்து மொத தடவ தொடைச்சப்பவே பாத்துட்டேன்."

"அன்னிக்கே தெரியுமா! அப்ப ஏன் என்னக் கேக்கல?"

"கேட்டிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? ரோஷத்துல தனியா உக்காந்து ஒரே மூச்சுல படிச்சு முடிச்சிருப்பீங்க. அப்புறம் நான் யாரோட படிக்கறது?"

"நீயாவது வேற காப்பி வாங்கிப் படிச்சிருக்கலாமே" என்றார் முன்னுரையார் மெதுவாக.

"தாங்க மாட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

மனைவி தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவிக் கொடுத்தார். முன்னுரையார் கடைசி அத்தியாயத்தைத் தேடிப் பிடித்து, மடிப்புக்குள் ஊசியை விட்டுக் கிழித்தார். பிசிறு பிசிறாகக் கிழிந்தது. மாடி ஜன்னலில் காப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. முன்னுரையார் தொண்டையைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படிக்க ஆரம்பித்தார். மனைவி கண்களை மூடிக்கொண்டார். நாலைந்து வரி போயிருக்கும்.

"இந்தச் சின்ன மாமா யாரு?"

"மூணாவது அத்தியாயத்துல வீட்ட விட்டு ஓடிப்போனாரே, அவரு."

"ஓ." மறுபடி படித்தார். "இவங்கல்லாம் எந்த வீட்டு வாசல்ல நிக்கறாங்க?"

மனைவி கண்ணைத் திறந்தார். "இந்த வீடுதாங்க."

முன்னுரையார் திரும்பி மாளிகையைப் பார்த்தார். காலையிலிருந்து நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்த்த வீடு. முதல் தடவையாக அதைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மறுபடியும் புத்தகத்துக்குள் குனிந்தார். "சரி, இந்த அம்மா எதுக்கு அழறாங்க?"

மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, கண்ணாடியைக் கழற்றி வெள்ளைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு அவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, முன்னுரை முடிகிற இடத்தில் திருப்பி, மறுபடியும் அவர் மடியில் வைத்தார்.

"மொதல்லேர்ந்து வெட்டுங்க" என்றார்.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. திரும்பும் வழியெல்லாம் முன்னுரையார் ஊசியும் கையுமாக மடிப்பு மடிப்பாகக் கிழித்துக்கொண்டு, முணுமுணுவென்று மனைவிக்குப் படித்துக் காட்டிக்கொண்டே வந்தார். வேன் முழுக்கக் காகிதப் பிசிறு. பின் இருக்கையிலிருந்து போஸ்ட்மாஸ்டர் கழுத்தை நீட்டி, "கொஞ்சம் சத்தமாத்தான் படிங்களேன், யாரும் தப்பா நினைக்க மாட்டோம்" என்றார். பல் டாக்டர் பாட்டுப் பெட்டியை நிறுத்தச் சொன்னார்.

வாசகரே, சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. நல்லது. உங்களிடம் அப்படி வெட்டாத புத்தகம் ஒன்றும் இல்லை என்கிற தெம்பு. இருக்காது. இப்போதெல்லாம் அச்சகத்திலேயே பக்கங்களை வெட்டித் தந்துவிடுகிறார்கள். எதைப் படித்தோம், எதைப் படிக்கவில்லை என்று காட்டிக்கொடுக்க ஒரு மடிப்புகூட மிச்சமில்லை. நாமெல்லோரும் பிழைத்துக்கிடப்பது அதனால்தான். நான் உங்களை ஒன்றும் கேட்கப்போவதில்லை. நாமிருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமலிருப்பதுதான் இருவருக்கும் மரியாதை. ஒரே ஒரு சந்தேகம், அதை மட்டும் தீர்த்துவிடுங்கள்.

உங்கள் வீட்டில் அலமாரியைத் துடைப்பது யார்?